பாசியைச் சுரண்டுமுன் தண்ணீரைத் தேடுங்கள்

வீடும் கூரையும்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் வரும் கடிதங்களில் பெரும்பகுதி கூரைப் பாசியைப் பற்றியதாகவே இருக்கிறது. நாகர்கோவிலை மையமாக வைத்துப் பழைய ஓட்டு வீடுகளையும் மாடி வீடுகளையும் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பாசியை அகற்றுகிறேன் என்று கிளம்பி கூரையையே கெடுத்துக்கொண்டவர்களின் வீடுகளுக்குத்தான் என்னை அதிகம் அழைக்கிறார்கள். அதனால் இந்த முறை இந்த ஒரு விஷயத்துக்கே இடம் ஒதுக்குகிறேன்.

*

கேள்வி: என் மாமனார் கட்டிய ஓட்டு வீடு இது. சுற்றிலும் ரப்பர், பின்பக்கம் பெரிய பலாமரம். தெற்குச் சாய்வில் ஓடுகள் சிவப்பாக, சுத்தமாக இருக்கின்றன. வடக்குச் சாய்வில் மட்டும் விரல் தடிமனுக்குப் பாசி. மழைக்காலத்தில் அந்தப் பக்க அறையில் சுவரோரம் சொட்டுகிறது. இயந்திரத்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டால் பல வருடங்களுக்குக் கவலையில்லை என்று ஒருவர் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ரப்பருக்கு அடிக்கும் துத்தக் கலவையை அடித்தாலே போதும் என்கிறார் என் கணவர். எதைச் செய்யலாம் அம்மா?
— வாசகி, குலசேகரம்

பதில்: இரண்டையும் நிறுத்தி வையுங்கள் சகோதரி. முதலில் சொட்டுகிற அறையைப் பற்றிப் பேசுவோம். உங்கள் வீட்டின் உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இருப்பது மங்களூர் ஓடு என்று கடிதத்தோடு வந்த படத்தில் தெரிகிறது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய வகை இது. ஓட்டின் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். ஒரு வரி பள்ளமாகவும் மறு வரி மேடாகவும் இருக்கும். பக்கத்து ஓட்டோடு அது கவ்விக்கொள்ளும். இடுக்கில் புகும் மழைநீர் அந்தப் பள்ள வரியில் ஓடி, கீழ் ஓட்டின் முதுகில் இறங்கிவிட வேண்டும். ஓட்டுக்கூரை ஒழுகாமல் இருப்பதன் சூட்சுமம் அந்தச் சிறு கால்வாய்தான். பாசி முதலில் குடியேறுவதும் அதில்தான். அங்கேதான் தூசி தங்கும், ஈரம் தங்கும்.

பாசித் திட்டு ஒன்றை விரலால் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் வேர் இருக்காது. மயிர்போன்ற இழைகள் ஓட்டைப் பற்றியிருக்கும். அவற்றின் நடுவே கருப்பாக, மைபோல் நைந்த மண் ஒட்டியிருக்கும். மக்கிய இலையும் காற்றில் வந்த தூசியும் ஓட்டிலிருந்து உதிர்ந்த துகளும் சேர்ந்தது அது. மழை நின்று சில நாள் வெயில் காய்ந்த பிறகும், திட்டு இருந்த இடம் மட்டும் கருஞ்சிவப்பாக நனைந்தே இருக்கும். அந்த மண் பள்ள வரியை அடைத்துவிட்டால், தண்ணீர் மேட்டைத் தாண்டி உள்பக்கம் வழிந்து, ஓட்டைத் தாங்கும் மரச் சட்டமான ரீப்பரில் இறங்கும். உங்கள் அறையில் சுவரோரம் சொட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இதுபோல ஒழுகும் வீடுகளில் பலமுறை ஓடு ஒன்றுகூட உடைந்திருக்காது. அடைபட்ட வரியும் இற்றுப்போன ரீப்பரும்தான் இருக்கும்.

வடக்குச் சாய்வில் மட்டும் ஏன் என்று கேட்கலாம். மழை முடிந்து கூரை காய வேண்டிய டிசம்பர், ஜனவரி மாதங்களில் நம் ஊரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கிறது. தெற்குச் சாய்வு நேர் வெயிலில் காய்கிறது. வடக்குச் சாய்வுக்குச் சறுக்கு வெயில்தான் கிடைக்கிறது. சூரியன் வடக்கே வரும் ஜூன், ஜூலையில் வானம் மூடிக் கிடக்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. போதாததற்கு உங்கள் பலாமரம் நிழலையும் இலையையும் சேர்த்தே கொட்டுகிறது.

இனி, தண்ணீரைப் பீய்ச்சுகிறவரின் யோசனை. சூளையில் சுடும்போது ஓட்டின் மேல் இறுகிய தோல் ஒன்று உண்டாகிறது. அந்தத் தோல்தான் ஓட்டைக் காக்கிறது. வலுவான நீர்த்தாரை பாசியோடு அதையும் உரித்துவிடும். அன்றைக்குக் கூரை பளிச்சென்று இருக்கும்; பார்க்கவும் மனம் நிறையும். ஆனால் தோல் போன ஓடு சொரசொரப்பாகி முன்னைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும், அடுத்த மழையிலேயே பாசி முன்னைவிட விரைவாகப் பற்றும். ஓட்டின் அடுக்குக்குள் கீழிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்தி ரீப்பரை நனைப்பது இன்னொரு கேடு. அந்த ஈரத்தின் மேலேயே பெயிண்டும் அடித்தால், ஓடு உள்வாங்கிய நீர் வெளியேற வழியின்றிப் பெயிண்ட் தோல் தோலாக உரியும். உங்கள் மாமனார் வாங்கிப் போட்ட ஓடு இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும் சகோதரி. அதைத் தயவுசெய்து இப்படி வீணாக்காதீர்கள்.

துத்தக் கலவையைப் பற்றி உங்கள் கணவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மழைக்கு முன் ரப்பர் இலையுதிர்வு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில், 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் இருக்கும். அதிலுள்ள தாமிரம் பாசிக்கும் ஆகாது. ஆனால் தாமிரம் மீனுக்கும் நஞ்சு. கூரைத் தண்ணீர் கிணற்றுக்கோ குளத்துக்கோ தொட்டிக்கோ போகிறதென்றால் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய தகரத்தாலான மழைநீர் வடிகால்கள் இறவாரத்தில் மாட்டியிருந்தாலும் வேண்டாம். தாமிரம் கலந்த தண்ணீர் பட்டால் துத்தநாகப் பூச்சு அரித்து ஓட்டை விழும். அதோடு, கலவை பாசியைக் கொல்லுமே தவிர வரியில் அடைத்த மண்ணை எடுக்காது. மண்ணை எடுக்கக் கைதான் வேண்டும்.

ஆகவே என் யோசனை: மாசியில், பாசி நன்றாகக் காய்ந்து முறுகியிருக்கும்போது, ஓடுகளைப் பகுதி பகுதியாகக் கீழே இறக்குங்கள். மங்களூர் ஓட்டின் பெருமையே அதை ஆணியோ சாந்தோ இல்லாமல் ரீப்பரில் தொங்கவிட்டிருப்பதுதான். முகட்டு ஓடுகள் மட்டுமே சாந்தில் பதிந்திருக்கும். மேல் ஓட்டைச் சற்றே தூக்கினால் கீழ் ஓடு கையோடு வந்துவிடும். ஓடு மேயத் தெரிந்த ஆட்கள் இருவர் மேலே, இருவர் கீழே என்றால் ஒரு சாய்வை முடிப்பது பெரிய வேலையல்ல. கீழே வைத்துத் தேங்காய் நார் பிரஷால் தேயுங்கள். வரியில் அடைத்த மண்ணை மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். அதுவும் தோலை உரிக்கும். கழுவிய ஓட்டை வெயிலில் நிற்க வைத்துக் காயவிடுங்கள்.

ஓடுகள் கீழே இருக்கும்போது இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும். மயிர்க்கோடாக விரிசல் விட்டது மொத்தென்று சத்தம் தரும். பிறகு, நன்றாகக் காய்ந்த ஓடு ஒன்றை எடை போட்டு, ஒரு முழு நாள் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அந்த ஓடு நீர் குடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டு, பழைய வீடு பிரிக்கும் இடங்களில் நல்ல பழைய ஓடு கிடைக்கிறதா என்று பாருங்கள். அதே அச்சில் வந்த ஓடாக இருக்க வேண்டும். அச்சு மாறினால் வரி சேராது.

மேலே ரீப்பர் திறந்து கிடக்கும். சிறு கத்தியை எடுத்து ஒவ்வொரு சட்டத்திலும் குத்திப் பாருங்கள். கத்தி எளிதாக இறங்கினால் அது இற்றுவிட்டது, மாற்றுங்கள். கரையான் தடம் இருந்தால் அதையும் இப்போதே கவனியுங்கள். இந்த வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

எல்லாம் முடிந்து ஓடு மேய்ந்த பிறகும் பாசி வரக் கூடாது என்றால், கூரைமேல் கவிந்திருக்கும் பலாக் கொம்புகளை வெட்ட வேண்டும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. வடக்குச் சாய்வுக்கு மேலே வரும் கொம்புகளை மட்டும் கழித்தால் போதும். வெளிச்சமும் காற்றும் வந்துவிட்டால் பாசிக்குப் பாதி வலு போய்விடும். மே மாதக் கடைசியில், தென்மேற்கு மழைக்கு முன், ஆளை ஏற்றி இலைகளைக் கூட்டித் தள்ளச் சொல்லுங்கள். பாசி அரும்பும்போதே எடுத்துவிட்டால் இத்தனை பெரிய வேலை மறுபடி வராது.

நீங்களோ உங்கள் கணவரோ ஏறாதீர்கள். ஏறுகிறவர் ஓட்டின் நடுவில் கால் வைக்கக் கூடாது. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் ரீப்பர் தாங்கும் இடத்தில்தான் வைக்க வேண்டும். சாய்வின்மேல் மூங்கில் ஏணியைப் படுக்கவைத்து, அதன் தலையில் கயிறு கட்டி, முகட்டைத் தாண்டி மறுபக்கம் உறுதியான இடத்தில் கட்டிவிட்டால் பாரம் பரவும், ஓடும் உடையாது. இடுப்பில் தனியாக ஒரு கயிறு கட்டாயம். நனைந்த பாசியில் எவரையும் ஏற்றாதீர்கள், அவர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும்.

*

கேள்வி: எங்கள் மொட்டைமாடி பதினைந்து வருடம் பழையது. தட்டோடு பதித்தது. கட்டிய புதிதில் எதுவும் இல்லை. இப்போது மழை வந்தால் கருப்பாக வழுவழுவென்று ஏதோ படிகிறது. போன ஐப்பசியில் துணி எடுக்கப் போன அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் போய்விடும் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: இந்த வரியை முதலில் படியுங்கள் தம்பி, வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்: ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலை எரிக்கும். ஒன்றை ஊற்றிக் கழுவியபின் அந்த ஈரத்தில் மற்றதைப் போடுவதும் ஆபத்தே.

ஆசிட் தனியாகவும் வேண்டாம். அது சிமெண்டைக் கரைக்கும். தட்டோட்டின் இடுக்குகளில் பூசியிருக்கும் பாயிண்டிங்கைத்தான் முதலில் தின்னும். இடுக்கு திறந்துகொண்டால் தண்ணீர் தட்டோட்டுக்கு அடியில் போட்ட சுண்ணாம்புப் படுகையான சுருக்கிக்குள் இறங்கும், பிறகு கூரைத் தளத்துக்குள் இறங்கிக் கம்பியைத் துருவேற்றும். சிலர் கல் உப்பைத் தூவிவிட்டு மழையில் கரையட்டும் என்று விடுகிறார்கள். உப்பும் கம்பிக்குப் பகை. கடலோர வீடுகளின் சன்ஷேடுகள் உதிர்வதைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டியபோது ஏன் பாசி வரவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. புதுச் சிமெண்டும் புதுச் சுண்ணாம்பும் கடுமையான காரத்தன்மை உடையவை. அதில் எந்தப் பாசியும் பிழைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப் பட்டு, வருடங்கள் போகப் போக மேற்பரப்பின் காரம் தணிகிறது. அப்போது பாசிக்கு இடம் கிடைக்கிறது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்தில் கைப்பிடிச் சுவரின் தலைக்கும் ஒரு பூச்சு சுண்ணாம்பு கொடுத்தார்களே, அது வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் காரத்தைப் புதுப்பிக்கும் வேலை அது.

உங்கள் மாடியில் படிந்திருக்கும் கருப்பு, ஓட்டில் வளரும் பச்சைப் பாசி வகை அல்ல. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசி. அதன் மேல் இருக்கும் கோழைதான் வழுக்குகிறது. இதற்கு ப்ளீச்சிங் பவுடர் போதும். பத்து லிட்டர் வாளிக்கு 300 கிராம் கலந்து, பிளாஸ்டிக் வாளியிலேயே தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்கள். பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். பொட்டலத்தைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாசனை வரவில்லையென்றால் வேறு வாங்குங்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் தளத்தில் ஊற்றிப் பரப்பி, இருபது நிமிடம் ஊறவிட்டு, நீளக் கைப்பிடி வைத்த பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இதிலும் உப்புச் சத்து உண்டு என்பதால் கழுவுவதில் கஞ்சம் வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் விழும் இடத்தில் செடிகள் இருந்தால் முன்னதாகவே அவற்றை நனைத்துவிடுங்கள்.

தொடங்குமுன் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் குழாய் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகக்கூடும். கழுவும் நாளில் அந்த இணைப்பைக் கழற்றித் தண்ணீரை வெளியே விடுங்கள். அடுத்து வரும் முதல் மழையையும் அப்படியே வெளியேற்றிவிட்டு, பிறகு இணையுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் தளத்தின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியில்லையென்றால் அடுத்த ஐப்பசியில் பாசி திரும்பி வரும். அதனால் காய்ந்த நாள் ஒன்றில், மாடியின் மேட்டுப் பக்கத்திலிருந்து சில வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போய், தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடுங்கள். கருப்பு படிகிற இடங்களும் உங்கள் கோடுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வாட்டம் பத்து அடிக்கு ஒன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும். கொத்தனாரிடம் மட்டக்குழாய் வைத்துப் பார்க்கச் சொல்லி, பள்ளமான இடத்தில் தட்டோட்டைப் பெயர்த்து மேடாக்கிப் பதிக்கச் சொல்லுங்கள். மாடி முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் இன்னொருவரைக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் குழாய் தளத்தில் விடுகிறதா? ஏ.சி. தண்ணீர் எங்கே சொட்டுகிறது? கோடையிலும் பச்சை மாறாத திட்டு ஒன்று இருந்தால் இவ்விரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஒரு குழாயை நீட்டித் தண்ணீரைக் கீழே இறக்கிவிட்டால் தீர்ந்தது.

அம்மாவைப் பற்றிக் கடைசியாக எழுதினாலும், செய்வதில் இதுதான் முதல் வேலை. தளம் சரியாகும்வரை துணிக்கொடியை மாடிப்படி முடியும் இடத்துக்கு, கூரை நிழல் உள்ள பகுதிக்கு மாற்றுங்கள். அந்தப் படியோரத்தில் கைப்பிடி ஒன்று வையுங்கள். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது மிகக் கடினம்.

*

கேள்வி: எங்கள் வீட்டில் இரும்புத் தகடு கூரை. வருடம் முழுக்கப் பனியும் சாரலும்தான். பழைய தகடுகளில் பாசி வந்துவிட்டது. ஆனால் முகட்டுத் தகட்டை மாற்றிய இடத்துக்குக் கீழே மட்டும் கோடு கிழித்தாற்போல் சுத்தமாக இருக்கிறது. இதற்கு என்ன காரணம்?
— வாசகர், குன்னூர்

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள் ஐயா, மகிழ்ச்சி. புது முகட்டுத் தகட்டின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சுதான் காரணம். ஒவ்வொரு மழையிலும் அதிலிருந்து மிகச் சிறிதளவு துத்தநாகம் கரைந்து கீழே வழிகிறது. அந்த அளவே பாசி முளைக்காமல் தடுக்கப் போதுமானது. பழைய தகடுகளில் பூச்சு தேய்ந்துவிட்டதால் அவற்றில் பாசி வந்துவிட்டது.

இதையே வழிமுறையாகக் கொள்ளலாம். முகட்டுக்குக் கீழே, இரு சாய்விலும், நான்கு விரற்கடை அகலத் துத்தநாகப் பட்டையைக் கூரையின் நீளத்துக்குப் பொருத்துங்கள். கீழே போகப் போக அதன் வலு குறையும் என்பதால் நீளமான சாய்வாக இருந்தால் நடுவில் இன்னொரு பட்டை வேண்டும். ஏற்கெனவே வளர்ந்த பாசியை இது அகற்றாது. முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். தாமிரப் பட்டை இன்னும் வலுவானது, ஆனால் உங்கள் கூரைக்கு ஆகாது. தாமிரத்தைத் தொட்டு வரும் தண்ணீர் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். ப்ளீச்சிங் பவுடரும் தகட்டுக்கு ஆகாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். தேய்க்கும்போது மேலிருந்து கீழாகவே தேயுங்கள். பூச்சு போய்த் துரு தெரியும் இடங்களில் துருவை நீக்கித் துத்தநாகப் பிரைமர் அடித்துவிடுங்கள். குன்னூரில் இதற்கு வாய்ப்பான மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். காலை உறைபனி கரைந்து தகடு நன்றாகக் காய்ந்த பிறகு ஏறுங்கள்.

*

கேள்வி: மாட்டுக்கொட்டகை கல்நார் ஷீட்டில் பாசி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா?
— வாசகர், கடையம்

பதில்: வேண்டாம். கல்நார் ஷீட்டைத் தேய்த்தாலும் சுரண்டினாலும் நீர் பீய்ச்சினாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கிளம்பும். மூச்சில் போய் நுரையீரலில் தங்கும் அவை பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயைக் கூடக் கொண்டுவரும். கொட்டகைக்குப் பாசியால் பெரிய கெடுதல் இல்லை, அப்படியே விட்டுவிடுங்கள். பழைய ஷீட்டின் மேல் ஏறுவதும் உயிருக்கு ஆபத்து. அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் கால் வைத்தால் உடைந்து ஆள் நேராகக் கீழே விழுவார். ஷீட் விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்துவிட்டதென்றால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. மாற்றும்போது ஷீட்டை நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளை வழியில் போட்டு மிதிக்கவோ பள்ளம் நிரப்பவோ கூடாது.

*

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டு நாட்டு ஓடுகளில் சாம்பல் வெள்ளையாக வட்ட வட்டமாகத் திட்டுகள் இருக்கின்றன. சுரண்டினாலும் வருவதில்லை. வளவுக்கு (உள்முற்றத்துக்கு) மேலே கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பாசியோடு ஒரு அரசங்கன்றும் முளைத்திருக்கிறது. எது அவசரம்?
— வாசகி, காரைக்குடி

பதில்: அரசங்கன்று. இன்றைக்கே ஆளை அழையுங்கள்.

சாம்பல் திட்டுகளைச் சுரண்டாதீர்கள் அம்மா. பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்து வாழும் உயிர் அது. உங்கள் ஊர் மசாலாவில் போடும் கல்பாசியும் அந்த இனம்தான். மிக மெதுவாக வளரும், தண்ணீரைத் தேக்காது, ஓட்டோடு ஒட்டிக் கிடக்கும். சுரண்டினால் ஓட்டின் மேல்பரப்பும் சேர்ந்துதான் வரும். காரைக்குடி வெயிலுக்கு அது தானாக அடங்கிக் கிடக்கும். பழைய வீட்டின் கூரைக்கு அந்த நிறம் அழகு என்றே நான் நினைக்கிறேன்.

கன்றின் கதை வேறு. பறவை எச்சத்தில் வந்த விதைக்குப் பாசி ஈரமும் மண்ணும் கொடுத்து வளர்த்துவிடுகிறது. நம் ஊர்களில் கூரைப் பாசியால் வரும் கேடுகளில் மிகப் பெரியது இதுதான். கன்று விரல் உயரம் இருக்கும்போது இழுத்தால் வேரோடு வந்துவிடும். முழங்கால் உயரமாகிவிட்டால் வேர் சுவரின் சாந்துக்குள் அடிக்கணக்கில் ஓடியிருக்கும். மேலே வெட்டினால் நாலு கிளையாகத் தழைக்கும். அப்படி ஆகியிருந்தால், அந்த இடத்து ஓடுகளைப் பிரித்து, சுவரின் தலையில் சாந்தைப் பெயர்த்து, வேர் போகிற வழியெல்லாம் பின்தொடர்ந்து எடுக்க வேண்டும். எடுத்த பள்ளத்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். உங்கள் வீடு சுண்ணாம்பில் கட்டியது. சுண்ணாம்புச் சாந்தால்தான் அடைக்க வேண்டும். சிமெண்ட் இறுகி நின்று ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும், பக்கத்துச் சுண்ணாம்பு உதிரும், அந்த இடுக்கில் அடுத்த விதை விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். கூலி கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

*

கேள்வி: மதில் சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அகற்றியே ஆக வேண்டுமா?
— வாசகர், வால்பாறை

பதில்: தேவையில்லை. மதிலுக்கு அடியில் அறை இல்லை, மரம் இல்லை, யாரும் அதன்மேல் நடப்பதுமில்லை. கன்று ஏதும் முளைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நடைபாதையிலும் படியிலும் பாசியைச் சேரவிடாதீர்கள். மதிலில் இருப்பது இருக்கட்டும்.

*

கேள்வி: மாடியில் சோலார் பலகைகள் வைத்தோம். இப்போது அவற்றின் அடியில் மட்டும் பாசி. பலகைகளைக் கழற்றித்தான் கழுவ வேண்டுமா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கழற்ற வேண்டாம். பலகை தளத்துக்கு மேலே எத்தனை உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு முழத்துக்கும் குறைவாக இருந்தால் காற்று நுழையாது, கையும் நுழையாது. தாங்கிகளை உயர்த்தித் தர முடியுமா என்று பொருத்தியவர்களிடம் கேளுங்கள். காற்று ஓடினால் தளமும் காயும், பலகையும் சூடு குறைந்து கூடுதல் மின்சாரம் தரும்.

தாங்கியின் கால்களுக்குப் போட்ட சிமெண்ட் கட்டைகள் தண்ணீர் ஓடும் வழியை மறித்து நிற்கின்றனவா என்றும் பாருங்கள். மறித்து நின்றால் கட்டையின் மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கும். அதன் இரு பக்கமும் வாட்டமாகச் சாந்து பூசித் தண்ணீரைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். கழுவும் நாளில் பலகைகளுக்கான மின் இணைப்பை முறைப்படி நிறுத்திய பிறகுதான் அடியில் கை வைக்க வேண்டும். நிறுத்தினாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பலகைகளின் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் கம்பிகளைத் தொடாமல், நீளக் கைப்பிடி உள்ள பிரஷால், வெறும் தண்ணீர் விட்டு, வெயில் ஏறுமுன் தேய்த்துவிடுங்கள். ப்ளீச்சிங் தண்ணீரை அங்கே பயன்படுத்தாதீர்கள். தாங்கியின் துத்தநாகப் பூச்சு போய்விடும்.